நாளைக் காலை ஏறும் முன்

(பாலமுனையில் நடந்த குடும்பப் பயிற்சி முகாமின் கடைசி இரவில் ஆற்றிய உரை. எழுத்தில் சற்றுச் சுருக்கித் தரப்படுகிறது.)



சாப்பிட்டு முடித்து எல்லோருக்கும் கண் சுழல்கிற நேரம். பகல் முழுக்கக் கடலில் நின்ற பிள்ளைகள் பாதிப் பேர் பாயில் சாய்ந்துவிட்டார்கள். அவர்களை எழுப்ப வேண்டாம். நிகழ்ச்சி நிரலில் எனக்குத் தந்த தலைப்பு வேறு. தோட்டப் பிள்ளைகளின் கல்வி பற்றிப் பேச வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். அதை அடுத்த மாதம் பசறையில் வைத்துப் பேசுகிறேன் என்று தலைவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். ஏனென்றால் இன்று அதிகாலை நான் ஒரு வேலை செய்தேன்.

வெளியில் தென்னை மரத்தடியில் உங்கள் மோட்டார் சைக்கிள் பதினேழு நிற்கின்றன. நேற்று மாலை வந்து நிறுத்தியவை இரவு முழுக்க ஓடாமல் நின்றன. சுபஹுக்கு எழும்பிய நான் கையில் காற்றளவு பார்க்கும் கேஜுடன் போய் ஒவ்வொன்றாக அளந்தேன். உங்களைக் கேட்காமல் வால்வு மூடியைக் கழற்றியது பிழைதான், மன்னிக்க வேண்டும். கம்பனி சொன்ன அளவுக்குப் பக்கத்தில் இருந்தவை நாலு வண்டி. ஒன்றின் பின் சில்லில் 44 இருந்தது. இன்னொன்றில் 11. அந்த 11 இருந்த வண்டியில்தான் ஒரு குடும்பம் மூன்று பேராக மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறது. யார் என்று சொல்லமாட்டேன். அவருக்குத் தெரியும், இப்போதே தலையைக் குனிகிறார்.

நாளைக்கு அதே வண்டிகளில் நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் திரும்பிப் போகப் போகிறீர்கள். அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி, பொத்துவில் வரைக்கும் தட்டையான பாதை, வெயில். அதற்குப் பிறகு லாகுகலைக் காடு. டியூப் வெடித்து நிற்பதற்கு அதைவிட மோசமான இடம் இந்தப் பாதையில் இல்லை, யானை நடமாடுகிற இடம். பிறகு சியம்பலாண்டுவை, மொனராகலை, படல்கும்புர, அங்கிருந்து வளைவு வளைவாகப் பசறைக்கு ஏற்றம். அதனால் இன்றிரவு காற்றைப் பற்றித்தான் பேச்சு.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் வாப்பா இதே பாலமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். டியூபைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைக் காட்டுவது சின்ன வயதில் எனக்குத் தந்த வேலை. வாப்பா கேஜ் வைத்திருக்கவே இல்லை. பெருவிரலால் டயரை ஒரு அமுக்கு அமுக்குவார். "போதும்" என்பார், அல்லது "இன்னும் பத்துப் பம்ப்" என்பார். சைக்கிளுக்கு அது சரியாகத்தான் இருந்தது. நானும் அந்தப் பெருவிரலை நம்பி வளர்ந்தவன். சைக்கிள் டயர் மெல்லியது, விரல் உள்ளே இருக்கும் காற்றை உணரும். மோட்டார் சைக்கிள் டயரோ தடிப்பானது, உள்ளே நூல் அடுக்குகள் வைத்துச் செய்தது. அதை அமுக்கும்போது விரல் உணர்வது இறப்பரின் விறைப்பை. பதினைந்துக்கும் இருபத்தெட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இது எனக்குத் தெரிய ஒரு பெண்ணின் கை உடைய வேண்டியிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன், மார்கழி விடுமுறை முடிகிற நேரம். கருவாடும் தேங்காயும் கொண்டு போகலாம் என்று இங்கே கரைவலை இழுக்கும் இடத்துக்கு வண்டியை மணலில் இறக்கினேன். மணலில் பின் சில்லு புதைந்தது. எங்கள் ஊர்ப் பொடியன்கள் செய்கிற வேலையைச் செய்தேன், வால்வை அமுக்கிக் காற்றைத் திறந்துவிட்டேன். காற்றுக் குறைந்த டயர் மணலில் பரந்து நிற்கும், புதையாது. அது சரியான யுக்திதான். வண்டி வெளியே வந்தது. வீட்டில் பழைய கைப்பம்பால் கொஞ்சம் அடித்துவிட்டுப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தேன். "போதும்" என்றேன். வாப்பாவின் குரலில்.

அந்தக் காற்றோடு, பின்னால் ஒரு மூட்டை கட்டிக்கொண்டு மலை ஏறினேன். வண்டி கொஞ்சம் ஆடியது, மூட்டையின் பாரம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் எங்கள் சங்கத்தின் மாதர் அணி அக்கா ஒருவரைக் கூட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு இறங்கினேன். மழை விட்டு ஈரம். மேல் டிவிஷனுக்குக் கீழே இருக்கிற இரண்டாவது வளைவில் பின்பக்கம் திடீரென்று என் கையில் இல்லாமல் போனது. வண்டி சரிந்தது. எனக்கு முழங்காலில் தோல் போனது, அவ்வளவுதான். அந்த அக்காவுக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

கொழுந்து பறிக்கிறவருக்கு வலது கை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் அவருக்கு வேலை இல்லை, சம்பளம் இல்லை. அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "பாதை ஈரம் சேர், நீங்க என்ன செய்வீங்க" என்றார். நானும் கொஞ்ச நாள் பாதையைத்தான் குறை சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உண்மையைச் சொன்னவன் டயர் கடையில் வேலை செய்கிற பையன். ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்து இடையில் நின்றவன். டியூபை வெளியே எடுத்துக் காட்டினான். வால்வு, டியூபோடு ஒட்டியிருக்கிற அடியில் கிழிந்திருந்தது. "சேர், ஆணி குத்தல. காத்து இல்லாம ஓட்டியிருக்கீங்க. டயர் ரிம்மோட பிடிச்சு நிக்காம கொஞ்சம் கொஞ்சமா சுத்தியிருக்கு. டியூபும் அதோட சுத்தும். வால்வு ரிம் ஓட்டையில மாட்டி நிக்கும். கடைசியில பிச்சிக்கும்" என்றான். விஞ்ஞானப் பாடத்தில் நாற்பது புள்ளி எடுக்காதவன் எனக்கு அன்றைக்கு எடுத்த பாடம் அது.

அதனால் கேஜ் இல்லாதவர்களும் நாளைக் காலையில் செய்யக்கூடிய முதல் சோதனை இதுதான். டியூப் போட்ட வண்டியில் வால்வைப் பாருங்கள். அது ரிம்மிலிருந்து நேராக, சில்லின் நடுவை நோக்கி நிற்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் டயர் ஏற்கெனவே சுற்றத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த வண்டியில் யாரும் ஏறக்கூடாது. காற்றை விட்டு, டியூபை நேராக்கி, திரும்ப அடிக்க வேண்டும்.

இனி அளவுக்கு வருவோம். பீ.எஸ்.ஐ. என்கிறார்களே, அது வேறொன்றும் இல்லை, ஒரு சதுர அங்குல இடத்தில் எத்தனை றாத்தல் அமுக்கம் என்பது. கொழுந்தை றாத்தலில் நிறுத்த காலம் இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 28 என்றால், உள்ளே இருக்கிற காற்று ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் 28 றாத்தல் பாரத்தோடு வெளியே தள்ளுகிறது. வண்டியைத் தூக்கி நிறுத்துவது அந்தத் தள்ளல்தான். இறப்பர் வெறும் பை.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். 110 கிலோ வண்டி, 65 கிலோ ஆள். பின் சில்லில் ஏறத்தாழ 105 கிலோ விழுகிறது என்று வையுங்கள். அது 231 றாத்தல். 28ஆல் பிரித்தால் எட்டுச் சதுர அங்குலம் வருகிறது. டயர் தரையைத் தொடுகிற இடம் ஏறத்தாழ அவ்வளவுதான், விரல்களை விட்டுவிட்டு உங்கள் உள்ளங்கை அளவு. டயரின் சுவரும் கொஞ்சம் பாரம் தாங்கும், அதனால் இது பருமட்டான கணக்கு. பிரேக் பிடிப்பது, வளைவது, ஏற்றத்தில் இழுப்பது எல்லாம் பின்பக்கத்தில் அந்த ஒரு உள்ளங்கையிலும் முன்பக்கத்தில் அதைவிடச் சிறிய ஒரு துண்டிலும்தான் நடக்கிறது. காற்றைப் பாதியாக்கினால் தொடுகிற இடம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். அப்படியானால் பிடிப்பும் கூடுமே என்று கேட்பீர்கள். மணலில் கூடும். தார் ரோட்டில் டயரின் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து நிமிரும். மடிகிற இறப்பர் சூடாகும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள், சுடும், பிறகு உடையும். அதே விஷயம்தான். வளைவில் சாயும்போது அந்தத் தளர்ந்த சுவர் பக்கவாட்டில் வழுக்கும், வண்டி நீங்கள் நினைத்த இடத்துக்குப் போகாது. கல்லில் ஏறினால் ரிம்மும் கல்லும் சேர்ந்து டியூபைக் கடிக்கும். பாம்பு கடித்த மாதிரி இரண்டு வெட்டுப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது ஆணி இல்லை, காற்றுக் குறைவு. ஒட்டுகிற கடைக்காரர் சொல்லாவிட்டாலும் நீங்கள் டியூபை வாங்கிப் பாருங்கள்.

கூடினால் மட்டும் நல்லதா? 44 வைத்திருந்த தம்பி நினைத்திருப்பார், கல்லாக இருந்தால் பெற்றோல் மிச்சம் என்று. கொஞ்சம் மிச்சமாகும்தான், சொல்லிக்கொள்கிற அளவுக்கு இல்லை. ஆனால் டயர் நடுவில் மட்டும் தரையைத் தொடும், நடு தேய்ந்து பக்கம் புதிதாகவே இருக்கும். தோட்டத்துக் கல் ரோட்டில் சில்லு துள்ளும். துள்ளுகிற சில்லு தரையில் இல்லை, தரையில் இல்லாத சில்லுக்கு பிரேக் இல்லை. பெற்றோல் செட்டில் லொறிக்கும் பஸ்ஸுக்கும் நூறுக்கு மேல் அடிக்கிற அதே குழாயைத்தான் நமக்கும் தருகிறார்கள். கொஞ்சம் கவனம் பிசகினால் 44 வந்துவிடும், அந்தத் தம்பியின் பிழை என்று மட்டும் சொல்லமாட்டேன்.

அப்படியானால் சரியான அளவு எது? எல்லா வண்டிக்கும் ஒரே எண் கிடையாது. உங்கள் வண்டியிலேயே எழுதியிருக்கிறது. செயின் மூடியிலோ, பின் சில்லின் ஃபோர்க்கிலோ, சீட்டுக்குக் கீழோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும், இல்லாவிட்டால் கையேட்டில் இருக்கும். நம்மிடம் அதிகம் இருக்கிற நூறு, நூற்றைம்பது சீசி வண்டிகள் பலவற்றில் முன் சில்லுக்கு 25, பின் சில்லுக்குத் தனியாகப் போனால் 28, பின்னால் ஆள் இருந்தால் 32 என்று இருக்கும். சில வண்டிகளில் பின்னால் ஆளோடு 40 வரைகூடச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்கூட்டர்களில் முன் சில்லுக்கு 22 அளவில்தான் இருக்கும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு அடிக்கிறார் என்று கேட்டு அடிக்காதீர்கள். ஸ்டிக்கரில் கே.பீ.ஏ. என்று 200 போட்டிருந்தால் அது 29. கிலோ கணக்கில் 2 என்று இருந்தால் 28. 2.25 என்று இருந்தால் 32. டயரின் பக்கத்தில் ஆக்கக்கூடிய அழுத்தம் என்று வேறொரு எண் வார்த்திருக்கும். பலர் அதைப் பார்த்து அடிக்கிறார்கள். அது அந்த டயர் தாங்கக்கூடிய எல்லை. உங்கள் வண்டிக்குச் சொன்ன அளவு அது இல்லை.

இங்கே பெரும்பாலானோர் விடுகிற பிழை இந்த 28க்கும் 32க்கும் இடையில்தான் இருக்கிறது. தனியாகப் போகும்போது அடித்த காற்றோடேயே ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் பிள்ளையையும் ஏற்றுகிறோம். கூடவே டவுனிலிருந்து 25 கிலோ அரிசி. இல்லாவிட்டால் காஸ் சிலிண்டர், 12.5 கிலோ என்று சொல்வது காஸை மட்டும், இரும்போடு சேர்த்தால் அதன் இரட்டிப்பு. கணக்குப் போடுங்கள்: 65, 55, 20, 25. மொத்தம் 165 கிலோ. நம் நூறு சீசி வண்டிகள் பலவற்றின் கையேட்டில் ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 130 முதல் 150 கிலோ வரைக்கும்தான் போட்டிருக்கிறது. மூன்று பேர் போவது சட்டப்படி குற்றம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாலை நாலரைக்குப் பிறகு டிவிஷனுக்கு பஸ் இல்லை என்பதும் நம் இருவருக்கும் தெரியும். காற்றைக் கூட்டினால் அந்த எல்லை கூடிவிடாது. ஆனால் ஏற்றத்தான் போகிறீர்கள் என்றால் 28ல் ஏற்றாதீர்கள், ஸ்டிக்கர் சொல்கிற இரண்டாவது எண்ணுக்கு அடித்துவிட்டு ஏற்றுங்கள். அரிசி மூட்டையை பஸ்ஸில் வருகிற அண்ணனிடம் கொடுத்துவிட்டாலும் நல்லது.

எப்போது அளப்பது? வண்டி ஓடாமல் மூன்று மணித்தியாலமாவது நின்ற பிறகு, அதாவது பிரட்டுக்குப் போகும் முன் காலையில். ஓடிய டயர் சூடாகும், சூட்டில் உள்ளே அழுத்தம் மூன்று, நாலு ஏறும். ஸ்டிக்கரில் இருக்கிற எண் குளிர்ந்த டயருக்குச் சொன்னது. நாளைக்குப் பொத்துவிலில் தேநீர் குடிக்க நிறுத்தி யாராவது அளந்து பார்த்து 35 காட்டுகிறது என்று காற்றைத் திறந்துவிட்டால், மறுநாள் காலை லயத்து வாசலில் அது 29 ஆகியிருக்கும். சூட்டில் ஏறியதைத் தொடாதீர்கள்.

நேற்று ஒரு அண்ணன் கேட்டார், "சேர், கடற்கரையில அடிச்ச காத்து மலைக்குப் போனா கூடிப்போகும், அதனால குறைச்சு அடிக்கணும்னு சொல்றாங்களே, சரியா?" என்று. நல்ல கேள்வி. பாதி உண்மை. கடல் மட்டத்தில் வெளிக்காற்று நம்மையெல்லாம் சதுர அங்குலத்துக்கு 14.7 றாத்தல் அளவில் அமுக்குகிறது. நுவரெலியா 1868 மீற்றர் உயரம், அங்கே வெளிக்காற்றின் அமுக்கம் 12க்குச் சற்றுக் குறைவு. வெளியே அமுக்கம் குறைந்தால் கேஜில் உள்ளே கூடினது போலக் காட்டும், கிட்டத்தட்ட 3. ஆனால் இங்கே 30 பாகை வெப்பம், அங்கே 15. குளிரில் உள்ளே இருக்கிற காற்றுச் சுருங்கும், அதனால் 2 குறையும். கூட்டிக் கழித்தால் பாலமுனையில் 28 அடித்த டயர் நுவரெலியாவில் மறுநாள் காலை 29க்குக் கிட்ட இருக்கும். பசறை அதைவிடத் தாழ்வு, வித்தியாசம் இன்னும் குறைவு. ஆகவே மலைக்காக எதையும் குறைக்க வேண்டாம். குறைத்து அடித்துவிட்டுத்தான் நம் ஆட்கள் வளைவில் விழுகிறார்கள்.

அதே போல மழைக்குக் குறைக்க வேண்டும் என்பதும் பிழை. காற்றுக் குறைந்த டயரில் பள்ளக் கோடுகள் நெருங்கி மூடும், தண்ணீரை வெளியே தள்ள வழி இருக்காது. மழைக்குப் பார்க்க வேண்டியது கோடுகளின் ஆழத்தை. கோட்டின் அடியில் ஆங்காங்கே சின்ன மேடு இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அந்த டயரின் வேலை முடிந்தது. இன்னொன்று, டயரின் பக்கத்தில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 வரை புது வண்டி வராமல் இருந்ததில் நம்மிடம் ஓடுவதெல்லாம் பழைய வண்டி, சிலதில் டயரும் அந்தக் காலத்தது. கோடு இருந்தாலும் இறப்பர் காய்ந்து வெடிப்பு விட்டிருந்தால் ஈரத்தில் பிடிக்காது.

ஒரு விஷயத்தை இடையில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. காற்றடித்த டயரை 1888இல் செய்தவர் டன்லப், அயர்லாந்தின் பெல்பாஸ்டில் மிருக வைத்தியர், தன் மகனின் மூன்று சில்லுச் சைக்கிளுக்காகச் செய்தார். அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்னாலேயே, 1876இல், பிரேசிலிலிருந்து லண்டன் வழியாக வந்த இறப்பர் கன்றுகளைக் கம்பஹாவில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்டுவிட்டார்கள். நட்டபோது அதை வைத்துப் பெரிதாக என்ன செய்வது என்று யாருக்கும் தெளிவில்லை. டயர் வந்தது, பிறகு மோட்டார் கார் வந்தது, இறப்பர் விலை ஏறியது, களுத்துறையிலும் கேகாலையிலும் காடு வெட்டப்பட்டது, அந்த வேலைக்கு நம் பாட்டன் பூட்டன்மாரைக் கப்பலில் ஏற்றினார்கள். உங்கள் பாட்டன் பூட்டன்மாரை என்று சொல்ல வேண்டும், நான் கடற்கரைப் பிள்ளை. பத்து வருடமாக லயத்துத் தேநீர் குடித்ததில் வாய் தானாக நம் என்கிறது. மொனராகலையைக் கடக்கும்போது பாதையோரம் சிரட்டை கட்டிய இறப்பர் மரங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இனி கேஜ். பெற்றோல் செட்டில் இருக்கிற கேஜ் விழுந்து அடிபட்டு, முள் வளைந்து கிடக்கும். ஒரு செட்டில் 28 காட்டுவது இன்னொன்றில் 33 காட்டும். தராசைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. சாக்குக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு என்று கழித்த கொழுந்துக்கு எத்தனை முறை மல்லுக்கு நின்றிருக்கிறோம். அளக்கிற கருவி யார் கையில் இருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பேனா மாதிரி ஒரு கேஜ் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஆளுக்கு ஒன்று வாங்கச் சொல்லவில்லை. ஒரு டிவிஷனுக்கு ஒரு கேஜும் ஒரு கால் பம்பும் சங்கக் கிளைப் பணத்தில் வாங்கிப் பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் யாராவது ஒருவர் வீட்டில் வைக்கலாம். எல்லோரும் ஒரே கேஜில் அளந்தால், அது ஒன்று கூடக் குறையக் காட்டினாலும் மாறாமல் காட்டும். கிழமைக்கு ஒரு முறை பார்த்தால் போதும். ஆணி எதுவும் குத்தாவிட்டாலும் டியூப் வழியாகக் காற்றுத் தானாகக் கசியும், மாதத்துக்கு ஒன்றிரண்டு குறைவது சாதாரணம். வால்வு மூடியைத் தொலைக்காதீர்கள். தூசி போனால் உள்ளே இருக்கிற ஊசி சரியாக மூடாது. சந்தேகமாக இருந்தால் வால்வு வாயில் எச்சில் தொட்டுப் பாருங்கள், கசிந்தால் குமிழி விடும். நைட்ரஜன் அடிக்கிறோம் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். நாம் சுவாசிக்கிற காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான், இலவசமாக இருக்கிறது.

டியூப் இல்லாத டயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆணி குத்தினால் அந்த இடத்தில் பிடுங்காதீர்கள், காற்று மெதுவாகத்தான் இறங்கும், கடை வரை மெதுவாகப் போகலாம். டியூப் போட்ட டயரில் அந்தச் சலுகை இல்லை, சட்டென்று இறங்கிவிடும்.

அக்கா தங்கைமாருக்குத் தனியாக ஒன்று. வண்டி ஓட்டுகிறவர் ஆணாக இருக்கலாம். பாரத்தைத் தாங்குகிற பின் சில்லுக்கு மேலே இருப்பது நீங்கள், உங்கள் மடியில் பிள்ளை. விழுந்தால் ஓட்டுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. ஏறும் முன் "காத்துப் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். அவர் பெருவிரலால் டயரை அமுக்கிக் காட்டினால் ஏறாதீர்கள். என் பின்னால் ஏறிய அக்கா அன்று அப்படிக் கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், ஆனால் நான் பார்த்திருப்பேன்.

பாதையைப் பற்றி யாரோ பின்னால் முணுமுணுக்கிறீர்கள், காதில் விழுகிறது. சரிதான். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டத்துக்குள்ளும் சபை வேலை செய்ய வழி திறந்தது. இருந்தும் நம் மேல் டிவிஷன் பாதையில் கல் எழும்பியே கிடக்கிறது. அந்த மனு தனியாகப் போகிறது, கையெழுத்துப் போடாதவர்கள் இன்றிரவு போட்டுவிட்டுப் படுங்கள். அந்தப் பாதை திருந்தும் வரைக்கும் நாம் ஓடப் போவது இந்தப் பாதையில்தான்.

2022 உங்களுக்கு மறந்திருக்காது. ஆனி மாதக் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், பிறகு கியூ.ஆர். அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். அந்த நாட்களில் ஒவ்வொரு துளிக்கும் கணக்குப் பார்த்தோம். அன்றைக்கும் காற்று இலவசமாகத்தான் இருந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

சரி, நாளை வேலை. காலை ஐந்தரைக்கு நானும் அந்த டயர் கடைப் பையனும் தென்னை மரத்தடியில் கேஜோடும் கால் பம்போடும் இருப்போம். அவனையும் முகாமுக்குக் கூட்டி வந்திருக்கிறேன், அதோ கடைசி வரிசையில் தூங்குகிறான். வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டு வாருங்கள். ஸ்டிக்கர் இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். அழிந்திருந்தால் வண்டியின் பெயரைச் சொல்லுங்கள், கையேட்டில் பார்த்து வைத்திருக்கிறேன். பின்னால் ஆள் ஏற்றுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். 11 வைத்திருக்கிற அண்ணன் முதல் ஆளாக வரட்டும், அவர் டியூபைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும், நேரம் எடுக்கும். இன்று மணலில் ஓடியவர்கள் படுக்கும் முன் கிணற்றடியில் சில்லையும் செயினையும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள், உப்பு ரிம்மைத் தின்னும். வாளி இரண்டு இருக்கிறது. விளக்கு பத்து மணிக்கு அணைப்பார்கள்.